பேச முடிகிற வேகம்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளிகளின் வண்டியில் இரண்டு பிரேக் இருக்கும். ஒன்று கற்றுக்கொள்கிறவர் காலடியில், இன்னொன்று பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கிறவர் காலடியில். ஸ்டியரிங்கைப் பிடித்தவர் தலைகால் தெரியாமல் எதை மிதித்தாலும், பக்கத்து இருக்கையில் ஓர் அழுத்து அழுத்தினால் வண்டி மரியாதையாக நின்றுவிடும். அந்த இரண்டாவது பிரேக்கின்மேல் பத்துப் பதினோரு வருஷமாகக் காலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தவளைத்தான் அந்த வட்டாரத்தில் பிரேக்கம்மா என்று சொல்வார்கள். முகத்துக்கு நேரே மேடம், முதுகுக்குப் பின்னால் பிரேக்கம்மா. அவளுக்கும் அது தெரியும். கொஞ்சம் பெருமையும் உண்டு.

ஆனால் அவள் அழுத்திப் பிடித்திருந்த பெரிய பிரேக் காரில் இல்லை. பயிற்சிப் பள்ளியின் அலுவலகத்துக்கு மேலே, மாடி வீட்டின் முன்னறையில், ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார் அவள் கணவர். ஊருக்கெல்லாம் அவர் மாஸ்டர். பள்ளியை ஆரம்பித்தவர் அவர்தான். ஒரு காலத்தில் காலில் சக்கரம் கட்டிக்கொண்டு அலைந்த மனுஷன். பகலெல்லாம் வண்டி, சாயங்காலம் ஆனால் குளித்து, சலவைச் சட்டை மாட்டி, தலையைப் படிய வாரிக்கொண்டு கிளம்பிவிடுவார். எங்கே என்று கேட்டால், "இப்டி ஒரு எட்டு போய்ட்டு வரேன்" என்பார். அந்த ஒரு எட்டு எங்கே போய் நிற்கிறது என்று அவளுக்குத் தெரியும். தெருக்கோடியில் சிக்னலைத் தாண்டி ஒரு ஸ்டேஷனரி கடை. கடையில் ஒருத்தி. கணவனை இழந்தவள், பார்க்க லட்சணமானவள், சிரித்துப் பேசுகிறவள். மாஸ்டர் அங்கே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததாகத் தெருவில் பாதிப் பேர் அவளிடம் அக்கறையாக வந்து சொல்லியிருக்கிறார்கள். அதற்குமேல் என்ன, ஏது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததை அவளே இட்டு நிரப்பிக்கொண்டாள். சோற்றைத் தட்டில் போட்டு மூடி வைத்துவிட்டு, படிக்கட்டில் செருப்புச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த சாயங்காலங்களை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம்தான் மாஸ்டருக்கு நெஞ்சு வலி வந்தது. ஆஸ்பத்திரி, ஆபரேஷன், அடைப்பு எடுத்தது எல்லாம் ஆயிற்று. கொஞ்ச நாள் அசையக் கூடாது என்றார்கள், அசையவில்லை. சில வாரங்கள் கழித்துப் பரிசோதனைக்குப் போனபோதுதான் அது நடந்தது. மாஸ்டர் திரைக்கு அந்தப் பக்கம் படுத்திருந்தார். நர்ஸ் அவர் நெஞ்சிலிருந்து ஒயர்களைக் கழற்றிக்கொண்டிருந்தாள். டாக்டர் காகிதச் சுருளைப் பார்த்துவிட்டு இவளிடம் சொன்னார்: "நல்லா இருக்காரும்மா. இனிமே நடக்கணும். தினம் கொஞ்சம் கொஞ்சமா கூட்டிக்கிட்டே போகணும். படி ஏறலாம், வண்டி ஓட்டலாம். உக்காந்தே இருந்தாத்தான் ஆபத்து."

அவள் தலையாட்டினாள். வெளியே வந்து லிஃப்டில் ஏறினார்கள். லிஃப்டில் ஒரு கண்ணாடி இருந்தது. மாஸ்டர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டே, "என்ன சொன்னாரு?" என்று கேட்டார். அந்தச் சீப்பைப் பார்த்தாளே, அவ்வளவுதான். சாயங்காலங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டைக்கு வந்துவிட்டன. "இன்னும் கொஞ்ச நாள் உக்காந்தே இருக்கணுமாம். படி ஏறி இறங்கக் கூடாதாம். அலையவே கூடாதாம்" என்று வாய் தானாகச் சொன்னது. மாஸ்டர் கண்ணாடியிலேயே அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு சீப்பைப் பையில் போட்டுக்கொண்டு, "டாக்டரே சொல்லிட்டாருன்னா அப்புறம் என்ன" என்றார்.

கொஞ்ச நாள் என்றுதான் அவளும் நினைத்தாள். சத்தியமாக அப்படித்தான் நினைத்தாள். அந்தக் கடை மறக்கும்வரை, அந்தச் சலவைச் சட்டைக்கு மடிப்புக் கலையும்வரை. ஆனால் முதல்முறையாக ஒரு சாயங்காலம் விளக்குப் போடுகிற நேரத்தில் கணவன் வீட்டில் இருந்தார். பேச ஒன்றும் இல்லாவிட்டாலும் இருந்தார். அந்த ருசி அவளை விடவில்லை. அந்த டாக்டர் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். பிறகு பக்கத்துத் தெரு டாக்டரிடம் மாத்திரை எழுதி வாங்கி வருவதோடு சரி. மனுஷன் ஏன் உட்கார்ந்தே இருக்கிறான் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. வீட்டில் ஒருவர் நோயாளி என்று முடிவாகிவிட்டால் பிறகு அது நாற்காலி மேஜை மாதிரி, அங்கேயே கிடக்கும்.

வருமானத்துக்கு வழி வேண்டுமே. அதுவரை சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதவள் கார் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாப்பாட்டுத் தட்டை ஸ்டியரிங்காக அவள் கையில் கொடுத்து, காலடியில் மூன்று மரக்கட்டைகளை வைத்துச் சொல்லிக்கொடுத்தார். கீழே வேறொருவரை வைத்து ஓட்டிப் பழகி, உரிமம் வாங்கி, பயிற்றுநர் உரிமமும் வாங்கினாள். பள்ளி மூடாமல் பிழைத்தது. மகளைப் படிக்க வைத்தாள், கல்யாணம் செய்து வெளியூர் அனுப்பினாள். அந்தக் கல்யாணத்திலும் மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் வந்தவர்களை வரவேற்றார். வந்தவர்கள் அவரைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள், அவளைப் பார்த்து, "நீ மகராசி, தாங்குற" என்றார்கள். அந்த வார்த்தை ஒவ்வொரு முறையும் அவளை முள்ளாகக் குத்தியது.

தாங்கத்தான் செய்தாள். காலையில் கையைப் பிடித்து எழுப்பிக் குளியலறை முக்காலியில் உட்கார வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். கால் நகம் வெட்டினாள். துரும்பைக்கூட அந்தப் பக்கம் எடுத்து வைக்க விடவில்லை. இரண்டு வகுப்புகளுக்கு நடுவில் மாடியேறி வந்து காபி கொடுத்துவிட்டுப் போனாள். அதற்கெல்லாம் கிடைத்த நல்ல வார்த்தை, "இன்னும் உனக்கு கிளட்ச் விடத் தெரியல. ஜன்னல்லேருந்து பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்பது. அவள் பதில் சொல்லமாட்டாள். தப்பு செய்தவளுக்கு வாய் ஏது? பூட்டி வைத்த ஆளுக்கு ஊழியம் செய்வது நியாயம்தான் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டு, வருஷக்கணக்காக அந்தத் தண்டனையை அனுபவித்துக்கொண்டிருந்தாள். முதலில் இருந்த சந்தோஷம் எப்போதோ வடிந்துவிட்டது. வேலை மட்டும் மிச்சம்.

இப்படியே பத்து வருஷத்துக்குமேல் ஓடிய பிறகு மாஸ்டரின் இடது கால் வீங்கியது. முதலில் கொசுக்கடி என்றார். பிறகு பளபளவென்று உருளையாகி, தொட்டால் சுட்டது. ஆஸ்பத்திரியில் ரத்தம் கட்டியிருக்கிறது என்றார்கள். நல்லவேளையாக நெஞ்சுக்கு ஏறவில்லை. ஊசியும் மாத்திரையும் கொடுத்துக் கட்டியைக் கரைத்த பிறகு, அங்கிருந்த பெரிய டாக்டர் பழைய காகிதங்களைப் புரட்டிப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது.

"இதயம் நல்லாத்தானே இருக்கு? யாரு உங்கள உக்காரச் சொன்னது?"

மாஸ்டர் அவள் பக்கம் திரும்பாமலே, "பழைய டாக்டர் சார்" என்றார்.

"எத்தன நாளைக்குச் சொன்னாரு?"

"அது தெரியல சார். நாங்க கேக்கல."

அவர் இப்படி நம்பிச் சொன்னது அவளைக் கொன்றுபோட்டது. பெரிய டாக்டர் இரண்டு பேரையும் சேர்த்தே திட்டினார். இப்படியே உட்கார்ந்திருந்தால் அடுத்த கட்டி காலோடு நிற்காது என்றார். மாஸ்டருக்கு உயிர்மேல் ஆசை ஜாஸ்தி. சாவுக்குப் பயந்து உட்கார்ந்தவர் சாவுக்குப் பயந்தே எழுந்திருக்கச் சம்மதித்தார். டாக்டர் எல்லாப் பரிசோதனையும் செய்துவிட்டு, ஆரம்பிக்கலாம் என்று எழுதிக்கொடுத்து, வீட்டுக்கே வந்து பழக்க ஒரு ஃபிசியோ பெண்ணை அனுப்பினார்.

அந்தப் பெண் முதுகுப் பையோடு வந்தாள். சின்ன வயசு, ஆனால் சளைக்காத வாய். விரலில் ஒரு கிளிப்பை மாட்டி நாடித் துடிப்பைப் பார்த்தாள், ரத்த அழுத்தம் பார்த்தாள், கணுக்காலை அழுத்திப் பார்த்தாள். மாஸ்டர் அதற்குள் நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்து, "படி எறங்கிக் காட்டவா?" என்றார். அரை அடி வைப்பதற்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து உட்கார வைத்தார்கள்.

"சார், நீங்க டிரைவிங் மாஸ்டர்தானே? வருஷக்கணக்கா ஷெட்ல நின்ன வண்டிய எடுத்த எடுப்புலயே நாலாவது கியர்ல போடுவீங்களா?"

"எப்டிப் போடுவேன்? இன்ஜின் ஆஃப் ஆயிடும்."

"அப்ப இதுக்கு மட்டும் ஏன் அவசரம்? இன்னிக்கு எந்திரிக்கிறோம், உக்கார்றோம். கணுக்கால மேலயும் கீழயும் ஆட்றோம். அவ்வளவுதான். உலகத்த நாளைக்குச் சுத்திக்கலாம்."

அவள் சொன்னது எல்லாமே சப்பென்று இருந்தது. சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலைத் தூக்கி இறக்குவது. சுவரில் கை ஊன்றித் தள்ளுவது. கூடத்தில் மெதுவாக ஆரம்பித்து, நடுவில் கொஞ்சம் எட்டிப் போட்டு, முடிக்கும்போது மறுபடி மெதுவாக. திடீரென்று நிற்கக் கூடாது. வேகத்தைக் குறைத்துக் குறைத்துத்தான் நிற்க வேண்டும். சாப்பிட்ட உடனே கூடாது. நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ, கால் மறுபடி வீங்கினாலோ அந்த நிமிஷமே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிட வேண்டும். நேற்று செய்ததைவிட இன்று துளி அதிகம். நேற்று களைத்துப்போயிருந்தால் இன்று துளி குறைவு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. மாஸ்டர் முனகிக்கொண்டே செய்தார். உடம்பு அவர் முனகலைக் கேட்கவில்லை. வாரங்கள் போகப் போகத் தொடையில் சதை தெரிந்தது. முக்காலி இல்லாமல் நின்று குளித்தார். பிறகு படிக்கட்டு. ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து, நடுத்தளம் வரை.

ஒரு நாள் அந்தப் பெண், கீழேயிருந்து ஏறி வந்த பிரேக்கம்மாவை நடுத்தளத்தில் பார்த்துவிட்டாள். பிரேக்கம்மா அங்கே நின்று கைப்பையில் சாவி தேடிக்கொண்டிருந்தாள். சாவி கையிலேயே இருந்தது. தினமும் அந்த இடத்தில் நின்று சாவி தேடுவது அவள் பழக்கம். மூச்சு வாங்குவதை வேறு எப்படி மறைப்பது?

"அம்மா, நீங்களும் நாள் பூரா உக்காந்தே இருக்கீங்கல்ல? கார்ல உக்காந்தா என்ன, நாற்காலில உக்காந்தா என்ன? உங்களுக்கும் ஒரு ஷூ வாங்குங்க."

"எனக்கு எங்கம்மா நேரம்?" என்றாள் பிரேக்கம்மா. ஆனாலும் ஒரு ஜோடி வாங்கினாள். வாங்கி, அட்டைப்பெட்டியோடு அலுவலக மேஜைக்கு அடியில் தள்ளி வைத்துவிட்டாள். கணவருக்கு வாங்கிய ஷூவுக்கு மட்டும் தினமும் குனிந்து லேஸ் கட்டிவிட்டாள்.

மாஸ்டர் தேறத் தேற அவளுக்குப் பயம் ஏறியது. தெருவில் இறங்கும் நாள் வந்தபோது அந்தப் பெண் அடையாளம் வைத்துக் கொடுத்தாள். முதலில் மின்கம்பம் வரை. பிறகு மருந்துக்கடை. பிறகு வங்கி வாசல். அப்புறம் சிக்னல். சிக்னலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அந்தச் சின்னப் பெண்ணுக்குத் தெரியாது. பிரேக்கம்மாவுக்குத் தெரியும். கட்டிப்போட்டிருந்த கயிற்றை யாரோ ஒவ்வொரு முழமாக அவிழ்த்து விடுவது போலிருந்தது. மனுஷன் பிழைக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டாள், சிக்னல்வரை போக முடியாமல் இருக்க வேண்டும் என்றும் வேண்டிக்கொண்டாள். இரண்டும் ஒரே வாயால்.

"அம்மா, நீங்க கூடவே போங்க. சாரப் பேச வைங்க. பேசிக்கிட்டே நடக்க முடியணும், அதான் சரியான வேகம். வார்த்த முறிஞ்சு முறிஞ்சு வந்தா வேகம் ஜாஸ்தின்னு அர்த்தம், கொறைச்சிடுங்க. பேசவே முடியலன்னா நிறுத்திடுங்க. இதுக்கு மெஷினே வேணாம்."

நல்ல ஆளிடம்தான் சொன்னாள். அந்தப் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கடைசியாக எப்போது பேசினார்கள்? காபி, மாத்திரை, கரண்டு பில், மகள் போன் பண்ணினாள் என்பதைத் தவிர அந்த வீட்டில் பேச்சு என்று ஒன்று புழங்கி எத்தனையோ காலம் ஆகிவிட்டது. முதல் நாள் மின்கம்பம்வரை மாஸ்டர் கடைப் பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே நடந்தார். இரண்டாம் நாளும் அதே பலகைகள். அதற்கப்புறம் எதிரே வருகிற வண்டிகளைத் திட்ட ஆரம்பித்தார். "இவனுக்கெல்லாம் எவன் லைசென்ஸ் குடுத்தான்? பாரு, இண்டிகேட்டர் போடாம திரும்புறான்." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்மகிட்டதான் கத்துக்கிட்டான்" என்றாள். அவரும் சிரித்தார். மருந்துக்கடை தாண்டும்போது, பள்ளி ஆரம்பித்த புதிதில் பழைய வண்டி ஒன்று நடுரோட்டில் நின்றுபோய், கற்றுக்கொள்ள வந்தவரே இறங்கித் தள்ளிய கதையைச் சொன்னார். அவளுக்குத் தெரியாத கதை. அந்தச் சில வாரங்கள், உண்மையைச் சொன்னால், அவள் கல்யாண வாழ்க்கையிலேயே நன்றாக இருந்தவை. சொல்லிவிடலாமா என்றுகூட ஒரு நாள் நாக்கு நுனிவரை வந்தது. மூச்சு வாங்கியதால் சொல்லவில்லை. அவர் அவளைவிட வேகமாக நடக்க ஆரம்பித்திருந்தார்.

சிக்னலைத் தாண்டுகிற நாள் வந்தது. அன்று மாஸ்டர் தானாகவே குளித்தார். வெகு நாள் அலமாரியில் தொங்கிய நீலச் சட்டையை எடுத்து, இஸ்திரி போட்டுத் தரச் சொன்னார். கண்ணாடி முன்னால் நின்று சீப்பை எடுத்தார். அவள் லேஸ் கட்டக் குனிந்தவள் நிமிரவே இல்லை கொஞ்ச நேரம்.

"கொஞ்சம் உக்காந்துட்டுப் போலாம். அந்தப் பொண்ணு நடுவுல உக்காரலாம்னு சொல்லியிருக்கு" என்று ஸ்டேஷனரி கடை வாசலில் நின்றார். நடக்கிறது நடக்கட்டும் என்று பின்னால் போனாள்.

கடைக்காரி ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது; மூக்குக்கண்ணாடி நெற்றிக்கு ஏறியிருந்தது. திரும்பாமலே, "சொல்லுங்க சார், எத்தன காப்பி?" என்றாள்.

"தெரியலயா?" என்றார் மாஸ்டர். குரலில் ஒரு பழைய குழைவு.

அவள் கண்ணாடியை இறக்கிப் பார்த்தாள். "எந்த ஸ்கூல் வாத்தியாரு நீங்க?"

"டிரைவிங் ஸ்கூல். மாஸ்டர்."

அவள் பார்வை அவரைத் தாண்டிப் பின்னால் போனது. முகம் மலர்ந்தது. "அட, மேடம்! வாங்க வாங்க. எம் மருமக உங்ககிட்டதான் ஓட்டக் கத்துக்கிட்டா. உங்களப் பத்தித்தான் ஓயாமப் பேசுவா. சார் உங்க வீட்டுக்காரரா? ஒடம்பு முடியாதவருன்னு சொல்வாங்களே." இரண்டு ஸ்டூலை இழுத்துப் போட்டாள். மாஸ்டரின் முகம் தொங்கிப்போனதைப் பார்த்தோ என்னவோ, யோசித்து, "ஆமா ஆமா, நீங்க சாயங்காலத்துல வருவீங்கல்ல? பேப்பர் படிக்க. அப்பல்லாம் நாலஞ்சு பேர் வந்து உக்காந்துக்கிட்டு வம்பளப்பீங்க. ஏவாரத்தப் பாக்க விடமாட்டீங்க. இப்ப யாரும் வர்றதில்ல. எல்லாம் போன்லயே படிச்சிக்கிறாங்க" என்றாள். சொல்லிவிட்டு ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பிரேக்கம்மா ஸ்டூலில் உட்கார்ந்தபடி அந்தக் கடையைப் பார்த்தாள். பேனா, கோந்து, வண்ணத்தாள், பிளாஸ்டிக் ஸ்கேல். இதற்கா? தினசரி பேப்பர் படிக்க வந்த நாலைந்து பேரில் ஒருத்தருக்கா அவள் ஒரு ஆயுளைப் பூட்டினாள்? வருவது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே பிரிக்கத் தெரியவில்லை.

திரும்பும்போது மாஸ்டர் பேசவில்லை. வங்கி வாசல்வரை உம்மென்று வந்தார். அவளுக்குப் பயமாகிவிட்டது. "பேசுங்க. பேசாம நடக்கக் கூடாதுன்னு அந்தப் பொண்ணு சொல்லியிருக்கு. நெஞ்சு வலிக்குதா?"

"உனக்கு இப்ப சந்தோஷம்தானே?"

"என்ன பேச்சு இது?"

"இதுக்குத்தானே என்ன உக்கார வெச்சே? அவ என்ன மறக்கணும்னுதானே? மறந்துட்டா. பாத்துக்கிட்டியா?"

அவள் நின்றுவிட்டாள்.

"திடீர்னு நிக்கக் கூடாது. நட" என்றார் மாஸ்டர். "அந்த டாக்டர் என்ன நடக்கச் சொன்னாரு. படி ஏறச் சொன்னாரு. வண்டி ஓட்டலாம்னாரு. திரைக்கு அந்தப் பக்கம் நான் என்ன செவிடனாவா படுத்திருந்தேன்?"

அவளுக்குக் கால்கள் தானாக நடந்தன. தெரு, வண்டிகள், ஹாரன் எல்லாம் எங்கோ தூரத்தில் இருந்தன. "தெரியுமா?" என்றாள். "அப்பவே தெரியுமா?"

"லிஃப்ட்ல நீ என்ன சொல்றேன்னு பாத்தேன். கூசாமப் பொய் சொன்னே. சரிடி, உக்காரச் சொன்னேல்ல, உக்கார்றேன், எத்தன நாள் நீ தாங்குறேன்னு பாக்கறேன்னு உக்காந்தேன். மொதல்ல கோவம்தான்."

"அப்புறம்?"

மாஸ்டருக்கு வார்த்தை முறியவில்லை. மூச்சும் வாங்கவில்லை. சரியான வேகத்தில்தான் நடந்துகொண்டிருந்தார். "அப்புறம் என்ன? நீ வண்டி ஓட்டினே. ஸ்கூல நடத்தினே. பொண்ணக் கரையேத்தினே. நேரத்துக்குச் சோறு, குளிக்கத் தண்ணி, நகம்கூட நீயே வெட்டினே. எவன் எந்திரிப்பான்?" என்றார். சொல்லிவிட்டு எதிரே வந்த ஒரு வண்டியைப் பார்த்து, "ஹெட்லைட்ட அணைக்காமப் போறான் பாரு" என்றார்.

அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். வரவில்லை. பேசவே முடியவில்லை என்றால் நிறுத்திவிட வேண்டும் என்று அந்தப் பெண் சொல்லியிருந்தாள். மருந்துக்கடை வாசல் படியில் அப்படியே உட்கார்ந்தாள். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். "மெதுவா வா" என்று சொல்லிவிட்டு நடந்தார். வீட்டு வாசலில் நுழைந்ததும், தெருப்பக்கப் படிக்கட்டில் நடுத்தளத்தில் நிற்காமல் ஏறிப் போனதும் அவள் உட்கார்ந்த இடத்திலிருந்தே தெரிந்தது. மருந்துக்கடைக்காரர் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். இத்தனை வருஷத்தில் அவளுக்கு ஒருவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தது அதுதான் முதல்முறை. அதைக் கையில் வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

தன்னைக் குற்றவாளி என்று நினைத்துத்தானே எல்லாவற்றையும் பொறுத்தாள்? முழங்கால் தேய்ந்தது, முதுகு வளைந்தது, நல்ல புடவை கட்டிக்கொண்டு எங்கேயும் போகவில்லை, ஒரு சொல் எதிர்த்துப் பேசவில்லை. பூட்டு தன் கையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். உள்ளே இருந்தவள் அவள்தான். அந்த ஆள் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவள் கிளட்ச் விடுவதைப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலையில் ஃபிசியோ பெண் வந்தபோது பிரேக்கம்மா கீழே அலுவலகத்தில் உட்கார்ந்து, புது ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். அட்டைப்பெட்டி மேஜைமேல் கிடந்தது.

"அம்மா! ரொம்ப நல்லது" என்று அந்தப் பெண் சிரித்தாள். ஆனால் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினாள். கேள்விகள் கேட்டாள், நெஞ்சு வலி உண்டா, தலைசுற்றல் உண்டா, மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? விரலில் கிளிப்பை மாட்டினாள், ரத்த அழுத்தம் பார்த்தாள். "பரவால்ல. இருந்தாலும் இந்த வாரமே டாக்டர்கிட்ட ஒருவாட்டி காட்டிடுவோம். இன்னிக்கு மின்கம்பம் வரைக்கும் மட்டும். மெதுவா. கூடப் பேச ஆள் வேணுமே, சாரக் கூப்பிடவா?"

"வேணாம். நானே பேசிக்கிறேன்."

மேலேயிருந்து ஜன்னல் வழியாகக் குரல் வந்தது. "ஏய், எங்க போற? லேஸ் கட்டிவிட்டுப் போ. காபி எங்க?"

பிரேக்கம்மா நிமிர்ந்து பார்க்கவில்லை. தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக. நாலு எட்டு வைத்ததும் வாய் திறந்தது. "குனிய முடியாதா உனக்கு? குனிஞ்சு கட்டிக்கோய்யா. கை இருக்குல்ல? காது இருந்துச்சுல்ல, கை இருக்காதா? எவன் எந்திரிப்பானாம். கேட்டே பாரு கேள்வி. நான் எந்திரிச்சேன்ல? தெனம் விடியறதுக்கு முன்னாடி நான் எந்திரிச்சேன்ல?" வாழ்நாள் முழுக்க 'நீங்க' என்றே கூப்பிட்ட வாய் 'நீ' என்று கூப்பிடுவது அவளுக்கே கேட்டது. அவள் நிறுத்தவில்லை. கடை திறந்துகொண்டிருந்தவர் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். யாரோ ஒருத்தி போன் இல்லாமல் பேசிக்கொண்டு போகிறாளே என்று சைக்கிளில் போனவர் வேகத்தைக் குறைத்தார்.

"அம்மா, மூச்சு வாங்குதா?" என்று பின்னால் வந்த பெண் மெதுவாகக் கேட்டாள்.

"பேச்சு வருதுல்ல?"

"வருது."

"அப்ப சரி."

மின்கம்பம் வந்துவிட்டது. சொல்ல வேண்டியது இன்னும் தொடங்கவே இல்லை. மருந்துக்கடை கண்ணுக்கு எதிரே தெரிந்தது, அதற்கப்பால் வங்கி, சிக்னல். ஆனால் முதல் நாள் என்றால் கம்பம்வரைதான். அதற்குமேல் ஆசைப்பட்டால் மறுநாள் எழுந்திருக்க முடியாது. அவள் கம்பத்தைக் கையால் ஒருமுறை தொட்டுவிட்டு, அவர் இருக்கிற வீட்டைப் பார்த்தே திரும்பினாள். வேகத்தை மட்டும்தான் குறைத்தாள். திட்டுவதை நிறுத்தவில்லை.